துவக்கு இல்லாமல் வாருங்கள்

கனடாவிலோ அமெரிக்காவிலோ பல காலம் இருந்துவிட்டு மாத்தளை மாவட்டத்தின் யட்டவத்த பக்கம் வீடு வாங்கிக் குடிவருகிற ஒருவருக்கு வாத்து வேட்டை பழகிப்போன பொழுதுபோக்காக இருக்கலாம். அமெரிக்காவில் 16 வயது நிரம்பிய எவரும் வாத்து சுட வேண்டுமானால் அரசாங்கம் 1934 முதல் விற்றுவரும் முத்திரையை வாங்கியாக வேண்டும். அந்தப் பணம் பெரும்பாலும் சதுப்பு நிலங்களைக் காக்கச் செலவாகிறது. சுடுகிறவனின் காசில் பறவைக்கு வீடு, நல்ல ஏற்பாடுதான்.

இலங்கையில் அப்படி எதுவும் இல்லை. 1937இல் வந்த விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிந்திய திருத்தங்களும், விலக்களிக்கப்பட்ட ஒருசில இனங்களைத் தவிர மற்றெல்லாப் பறவைகளையும் காக்கின்றன. பயிர்க்காவலுக்கென்று துவக்கு உரிமம் வைத்திருக்கும் கமக்காரர்கள் உண்டு. அந்த உரிமம் காட்டுக்கோழிக் கறிக்கான அனுமதி அல்ல.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. வெள்ளைக்காரத் தோட்டத்துரைமாருக்கு உள்ளான் வேட்டை மிகப் பிடித்தமானது. சைபீரியாவிலிருந்து வரும் அந்தச் சின்னப் பறவை ஒக்டோபர் தொடங்கி பங்குனி வரை வயல் சேற்றில் இரை தேடும். கால் வைத்தால் விருட்டென்று கோணல்மாணலாகப் பறக்கும். குறி தவறுவதில்தான் அந்த வேட்டையின் சுவையே இருந்தது போலும். மலைக்காடுகளில் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை நெலு என்னும் செடி பூத்து விதை கொட்டும்போது காட்டுக்கோழிகள் கூட்டம்கூட்டமாக வரும். அந்த விதையைத் தின்று அவை மயங்கிவிடும் என்று அக்கால வேட்டைக்காரர்கள் நம்பினார்கள்.

சுட்டவர்களே பிறகு கவலைப்பட்டார்கள். 1894இல் அவர்கள் தொடங்கிய வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம்தான் இன்றைய வனவிலங்கு, இயற்கைப் பாதுகாப்புச் சங்கம். வேட்டைக்கு மிருகம் மிஞ்ச வேண்டுமே என்ற கணக்கும் அதில் இருந்தது. இருந்தாலும் விளைவு நல்லதே.

இன்று அதே காட்டுக்கோழி நாட்டின் தேசியப் பறவை. இலங்கையைத் தவிர வேறெங்கும் அது இயற்கையாக வாழ்வதில்லை. செஞ்சிவப்புக் கொண்டையின் நடுவே மஞ்சள் திட்டுள்ள சேவலைக் காண விரும்புகிறவர் விடியற்காலையில் காட்டோரப் பாதையில் நின்றால் போதும். சிங்களத்தில் 'ஹபன் குக்குளா' எனப்படும் இன்னொரு கோழியும் இத்தீவுக்கே உரியது. அதன் குரல் கேட்கும். ஆள் தெரிவது அபூர்வம். நீர்ப்பறவை பார்க்க மாவட்டத்துக்குள்ளேயே கண்டலம, தேவஹுவ குளங்கள் உண்டு. வலசை வாத்துகளைப் பெருந்திரளாகக் காண வேண்டுமென்றால் குளிர்காலத்தில் மன்னார்ப் பக்கம், 2010இல் சர்வதேச ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட வங்காலைக்குப் போக வேண்டும். தை மாத நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு இலங்கைப் பறவைக் கழகம் ஆட்களைத் திரட்டுகிறது. வேட்டையில் பழகிய கண் அங்கே நன்றாகப் பயன்படும்.

கமக்காரரின் மனம் வேறு. நெல்லையும் மரக்கறியையும் கொத்தும் மயில் அவருக்கு அழகாகத் தெரியாது. 2025 மார்ச் 15 அன்று, காலை 8 மணிக்கு நாடு முழுவதும் 5 நிமிடம் குரங்கையும் மயிலையும் எண்ணச் சொன்னது அரசாங்கம். எண்ணிக்கை துல்லியமா என்று பலர் சிரித்தாலும், பயிர் இழந்தவருக்கு அது சிரிப்பல்ல.

பறவை பார்க்கப் புறப்படும் புதியவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காட்டுப்பன்றிக்கென்று தோட்ட ஓரங்களில் சட்டவிரோதமாகக் கட்டுத்துவக்கு வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதன் கம்பியில் கால் பட்டால் வெடிக்கும். ஊர்க்காரர் ஒருவர் துணையின்றி ஒற்றையடிப் பாதையை விட்டு இறங்கக் கூடாது.