எல்லை கடக்கும் உரிமை: ஐரோப்பிய ஒன்றியத்தின் சமூகப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பும் இந்தியக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியங்களும்

ஆய்வுச் சுருக்கம்

ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் தத்தம் சமூகப் பாதுகாப்புச் சட்டங்களைக் கைவிடாமலே, நாடு மாறும் தொழிலாளரின் உரிமையைக் காக்கும் பொதுக் கொள்கையை உருவாக்கியுள்ளன. இந்தியாவில் தொழிலாளர் சட்டம் பெரும்பாலும் பொதுவானது. எனினும் மாநில நல வாரியங்களின் பயன்கள் மாநில எல்லையில் தடைபடுகின்றன. சென்னையின் மேற்குப் புறநகரான அண்ணனூர்ப் பகுதியின் தொழிற்சூழலை முன்வைத்து, இவ்வேறுபாட்டின் காரணத்தை இக்கட்டுரை விளக்குகிறது. பணிக்காலத்தைக் கூட்டிக் கணக்கிடுவது மட்டும் போதாது, செலவைப் பகிரும் விதியும் வேண்டும் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: சமூகப் பாதுகாப்பு, ஐரோப்பிய ஒன்றியம், பொதுப் பட்டியல், நல வாரியம், புலம்பெயர் தொழிலாளர், விகிதப் பகிர்வு

முன்னுரை

சென்னை – அரக்கோணம் இருப்புப்பாதையில் திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் இடையே அமைந்தது அண்ணனூர். ஒருபுறம் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. மறுபுறம் 1961-இல் தொடங்கிய ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை. இவற்றுக்கிடையே தொழிற்கூடங்களும் புதிய குடியிருப்புகளும் பெருகியுள்ளன. இப்பகுதியின் கட்டுமானப் பணிகளில் ஒடிசா, பீகார், மேற்கு வங்கம் முதலிய மாநிலத்தவர் உள்ளூர்த் தொழிலாளரோடு இணைந்து உழைக்கின்றனர்.

இங்கு ஒரே தெருவில் வாழும் மூவரின் சமூகப் பாதுகாப்பு மூன்று வகையாக அமைகிறது. தொழிற்கூடத்தில் பணிபுரிந்து மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவர் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் (ஈ.எஸ்.ஐ.) திட்டத்துள் வருகிறார். கட்டடத் தொழிலாளி, மத்தியச் சட்டம் ஒன்றின்கீழ் மாநிலம் நடத்தும் நல வாரியத்தைச் சார்ந்துள்ளார். தானி ஓட்டுநருக்கோ வீட்டுப் பணியாளருக்கோ 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழி அமைந்த வாரியமே துணை. முதலாமவரின் காப்பீடு அவர் எம்மாநிலத்திற்குச் சென்றாலும் தொடரும். மற்ற இருவருக்கும் அத்தகைய தொடர்ச்சி எளிதன்று. இவர்களுள் கட்டடத் தொழிலாளியின் நிலையே இங்கு ஆய்வுப்பொருள்.

ஐரோப்பிய முன்மாதிரி

1957-இல் ஆறு நாடுகள் கையெழுத்திட்ட உரோம் உடன்படிக்கை, தொழிலாளர் தடையின்றி நாடு மாறிப் பணிபுரியும் உரிமையை அறிவித்தது. நாடு மாறினால் ஓய்வூதியத்தை இழக்க நேரும் எனில் அவ்வுரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடும். ஆகவேதான் புலம்பெயர் தொழிலாளரின் சமூகப் பாதுகாப்பு பற்றிய ஒழுங்குவிதி 1958-இலேயே, மூன்றாம் எண்ணுடையதாக வெளிவந்தது. 1971-இல் அது விரிவாக்கப்பெற்றது. இன்று நடைமுறையில் உள்ளது 2004-ஆம் ஆண்டின் 883-ஆம் ஒழுங்குவிதி. 2010 மே 1 முதல் செயற்பட்டு வருகிறது.

இவ்விதியின் அடிப்படைகள் நான்கு. ஒருவருக்கு ஒரு வேளையில் ஒரு நாட்டின் சட்டமே பொருந்தும். வேற்று நாட்டவர் என்பதற்காகப் பாகுபாடு கூடாது. பல நாடுகளில் காப்பீடு பெற்ற காலங்கள் தகுதிக்காகக் கூட்டப்படும். ஈட்டிய பணப்பயன் வேறு நாட்டில் வாழ்ந்தாலும் வழங்கப்படும்.

ஓய்வூதியத்தில் இவற்றோடு விகிதப் பகிர்வும் சேர்கிறது. ஒவ்வொரு நாடும், முழுக் காலமும் தன்னிடமே கழிந்ததாகக் கொண்டு ஒரு தொகையைக் கணக்கிடும். பின்னர் தன்னிடம் உண்மையில் கழிந்த காலத்தின் விகிதத்தை மட்டும் வழங்கும். விண்ணப்பத்தை ஒரு நாட்டில் அளித்தால் போதும். பிற நாடுகளின் அலுவலகங்களோடு தொடர்பு கொள்வது அந்நாட்டு நிறுவனத்தின் கடமை.

இதனால் எந்நாடும் தன் ஓய்வூதிய அளவை மாற்ற வேண்டியதில்லை. சட்டங்களை ஒரே வடிவாக்குவது வேறு. வெவ்வேறு சட்டங்களை இணைந்து இயங்கச் செய்வது வேறு. சமூகப் பாதுகாப்பில் ஐரோப்பா பெரிதும் இரண்டாவது வழியையே தேர்ந்தது. 2017-இல் கோத்தன்பர்க்கில் அறிவிக்கப்பட்ட சமூக உரிமைகளின் இருபது கோட்பாடுகளும் நாடுகளின் தனித்த அமைப்புகளை அகற்ற முற்படவில்லை.

இந்தியச் சட்டத்தில் கூட்டல் நெறி

இந்திய அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் சமூகப் பாதுகாப்பு, வேலைவாய்ப்பு, தொழிலாளர் நலம் ஆகியவை பொதுப் பட்டியலின் 23, 24 ஆகிய பதிவுகளில் உள்ளன. அதனால் மத்திய அரசும் மாநிலங்களும் இவை குறித்துச் சட்டம் இயற்றலாம். தமிழ்நாடு 1994-இலேயே கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தை அமைத்தது. மத்திய அரசின் கட்டடம் மற்றும் இதரக் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் 1996-இல் வந்தது. பதினெட்டு முதல் அறுபது வயதுக்குட்பட்டு, முந்தைய பன்னிரண்டு மாதங்களில் தொண்ணூறு நாள்கள் கட்டுமானப் பணி செய்தவர் பதிவுக்குத் தகுதியுடையவர் என அது வரையறுத்தது.

அச்சட்டத்தின் 14-ஆம் பிரிவிலுள்ள ஒரு விளக்கம் இங்குக் கருதத்தக்கது. அறுபது வயதை எட்டுவதற்கு முன் மூன்றாண்டுகள் தொடர்ந்து பயனாளியாக இருந்தவருக்கே அதன்பின் பயன்கள் உரியவை. அம்மூன்றாண்டைக் கணக்கிடும்போது, பதிவுக்குச் சற்று முன்னர் வேறொரு வாரியத்தில் பயனாளியாக இருந்த காலத்தையும் சேர்க்க வேண்டும் என்கிறது அவ்விளக்கம். ஐரோப்பிய விதியின் கூட்டல் நெறிக்கு இது நிகரானது. ஆயின் கூட்டிய காலத்திற்கான செலவை வாரியங்கள் எவ்வாறு பகிர்வது என்பதற்கு அச்சட்டத்தில் விடையில்லை.

பகிர்வு விதி இன்மையின் விளைவு

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு தொழிலாளி 'அ' மாநிலத்தில் ஆறு ஆண்டுகளும் 'ஆ' மாநிலத்தில் ஒன்பது ஆண்டுகளும் பதிவு பெற்றிருந்தார். ஓய்வூதியம் 'அ'வில் 1,000 ரூபாய், 'ஆ'வில் 1,500 ரூபாய் எனக் கருதுவோம். ஐரோப்பிய முறைப்படி 'அ' பதினைந்தில் ஆறு பங்கான 400 ரூபாயையும், 'ஆ' பதினைந்தில் ஒன்பது பங்கான 900 ரூபாயையும் வழங்கும். தொழிலாளி 1,300 ரூபாய் பெறுவார். கூட்டல் மட்டும் இருந்து பகிர்வு இல்லையெனில், இறுதியாகப் பதிந்த வாரியமே முழுச் சுமையையும் ஏற்க நேரும். பிற மாநிலக் காலத்தை ஏற்பதில் அவ்வாரியத்திற்குத் தயக்கம் எழுவது இயல்பு. அதன் இழப்பு தொழிலாளியைச் சேரும்.

நிதி திரளும் முறையும் இதனை வலியுறுத்துகிறது. கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காடு நலவரியாக, கட்டடம் எழும் மாநிலத்தின் வாரியத்திற்கே செல்கிறது. அண்ணனூரில் எழும் அடுக்ககத்தின் நலவரி, அதைக் கட்டியவர் எம்மாநிலத்தவராயினும், தமிழ்நாட்டு வாரியத்தைச் சேரும். அவருடைய பதிவு சொந்த மாநிலத்தில் மட்டும் இருப்பின், அவரது உழைப்பால் திரண்ட நிதி அவரைச் சென்றடைவதில்லை.

செலவை ஏற்பவர் யார் என்பது தெளிவாக உள்ள இடங்களில் உரிமை எல்லை கடந்துள்ளது. ஈ.எஸ்.ஐ. திட்டத்தின் பணப்பயன்களுக்கு நாடு முழுமைக்கும் ஒரே நிதியம் உண்டு. தமிழ்நாட்டில் 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த 'ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை' திட்டத்தில் மத்தியத் தொகுப்பு உணவு தானியம் மாநிலம் கடந்து கிடைக்கிறது. மாநிலம் தன் செலவில் தரும் கூடுதல் பொருள்கள் அதில் அடங்கா.

புதிய தொகுப்புகள் தரும் வாய்ப்பு

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றுள் பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம், பணி நிலைமைகள் குறித்த 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பு, ஒப்பந்ததாரர் வழியன்றித் தாமே வேறு மாநிலம் சென்று பணியில் சேர்ந்தவரையும் ஊதிய வரம்புக்குட்பட்டுப் புலம்பெயர் தொழிலாளராக ஏற்கிறது. 1979-ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்ததாரர் வழி வந்தவரையே கருதியது. மேலும், பணிபுரியும் மாநிலத்தின் கட்டுமான நலவரி நிதியிலிருந்து அவர் பயன்பெறத் திட்டம் வகுக்குமாறு இத்தொகுப்பு அரசைப் பணிக்கிறது. அத்திட்டத்தில் விகிதப் பகிர்வு, வாரியங்களுக்கிடையேயான பதிவேட்டுப் பரிமாற்றம், ஒரே இடத்தில் விண்ணப்பம் ஆகிய மூன்றும் இடம்பெறுதல் இன்றியமையாதது.

இவற்றை வகுக்க மாநிலங்கள் கலந்துபேசும் களம் தேவை. முத்தரப்பு அமைப்பான இந்தியத் தொழிலாளர் மாநாட்டின் 46-ஆவது கூட்டம் 2015-இல் நடைபெற்றது. அதன்பின் பத்தாண்டுகள் அது கூட்டப்படவில்லை. அரசமைப்பின் 263-ஆம் உறுப்பின்படி 1990-இல் அமைந்த மாநிலங்களுக்கிடையேயான மன்றமும் இதற்கு உரிய களமாகலாம்.

முடிவுரை

கூடுதல் பயன் தரும் மாநிலங்கள், பொதுக் கொள்கையால் தம் திட்டங்கள் தாழ்ந்துவிடுமோ என அஞ்சுவதில் நியாயம் உண்டு. ஐரோப்பிய அனுபவம் அவ்வச்சத்திற்கு விடையளிக்கிறது: பயன்களின் அளவைச் சமன்செய்யாமலே காலத்தைக் கூட்டவும் செலவைப் பகிரவும் இயலும். இந்தியச் சட்டம் 1996-இலேயே முதற்பாதியை ஏற்றது. எஞ்சிய பாதியாகிய பகிர்வு விதி வகுக்கப்படும்போதுதான், அண்ணனூரில் சுவர் எழுப்பியவரின் ஆண்டுகள் அவர் முதுமையில் எந்த ஊரில் வாழ்ந்தாலும் கணக்கில் நிற்கும்.