வீட்டு மிளகாயின் ஒரு வருஷம்

மிளகாய்ச் செடி வளர்க்க ஆசைப்படுகிறவர் எல்லாவற்றுக்கும் முன்னதாகக் கைக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. காலையில் வெயில் ஏறுவதற்கு முன் செடியின் அருகே குத்துக்காலிட்டு அமர்ந்து, நுனிக் குருத்துக்குக் கீழேயுள்ள இரண்டு மூன்று இலைகளை விரலால் மெல்லத் திருப்பி, அவற்றின் அடிப்புறத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்த எளிய காரியத்தை நான் கற்றுக்கொள்வதற்குள் இரண்டு வருஷங்களும் பதினைந்து செடிகளும் கழிந்துவிட்டன.

விதைப்பதற்கு உகந்த காலம் ஆடிப் பட்டம். செம்மண், மணல், நன்றாக மட்கிய தொழுவுரம் ஆகிய மூன்றையும் சமபாகமாகக் கலந்து, அகலமான தொட்டியில் பரப்பி, விதையை அரை விரற்கடை ஆழத்துக்கு மேல் போகாமல் தூவி மூடினால், ஏழு முதல் பத்து நாட்களுக்குள் முளை வெளிப்படும். இந்தப் பருவத்தில் நாற்றுக்குப் பெரும் சத்துரு நம்முடைய அன்புதான் என்று சொல்ல வேண்டும். வேளைக்கு வேளை தண்ணீர் ஊற்றி மண்ணைச் சேறாக்கிவிட்டால், தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நீர்கோத்து, நூலைப் போல மெலிந்து, மாலையில் நிமிர்ந்து நின்ற நாற்று மறுநாள் காலையில் படுத்துக் கிடக்கும். நாற்றழுகல் என்று இதற்குப் பெயர். டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சணத்தை மண்ணில் கலந்து வைப்பதும், தண்ணீரைப் பூவாளியால் அளவாகத் தெளிப்பதும் இதற்குக் காப்பு. முப்பத்தைந்து, நாற்பது நாட்களில் நாற்றை வெயில் தாழ்ந்தபின் பிடுங்கி நட வேண்டும். தரையானால் செடிக்குச் செடி ஒன்றரை அடியும் வரிசைக்கு வரிசை இரண்டடியும் இடைவெளி விடுவது உத்தமம். தொட்டியானால் ஓரடி ஆழமும், அடியில் தண்ணீர் வடிய வழியும் இருப்பது அவசியம்.

முதல் வருஷத்தில் நான் கடலைப் புண்ணாக்கை ஊறப்போட்டுக் கரைத்து வாராவாரம் ஊற்றினேன். செடிகள் கண்கொள்ளாக் காட்சியாகத் தழைத்தன; பூ மட்டும் வரவில்லை. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்த பெரியம்மா ஒருவர், மதிலுக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டு, “இப்படித் தழைக்க வச்சா அது எங்கே தம்பி காய்க்கும்? ஒரு பதினைஞ்சு நாளைக்கு ஒண்ணும் போடாம இருங்க; அப்புறம் ஒரு கைப்பிடி சாம்பல் போடுங்க” என்றார். தழைச்சத்து மிகுந்தால் செடி இலையிலேயே தன் சக்தியைச் செலவிட்டுவிடும் என்பதும், சாம்பலில் உள்ள சாம்பல்சத்து பூவுக்கும் காய்க்கும் துணைசெய்யும் என்பதும் பின்னாளில் படித்தபோது எனக்கு விளங்கின. ஆயினும் பெரியம்மாவின் வார்த்தைக்கு இருந்த தெளிவு புத்தகத்தில் இல்லை.

ஐப்பசி மழை இந்தச் செடிக்கு ஒரு சோதனை. வேரில் தண்ணீர் இரண்டு நாள் தேங்கினாலும் செடி வாடத் தொடங்கும். ஆகையால் மழைக்கு முன்பே மண்ணை அணைத்து மேடாக்கிவிட வேண்டும்.

மழை ஓய்ந்து வெயில் காயும்போது இலைகள் சுருளத் தொடங்கும். பலர் எல்லாச் சுருட்டையும் ஒரே வியாதி என்று எண்ணி, கைக்குக் கிடைத்த மருந்தைத் தெளித்துச் செடியை இழக்கிறார்கள். இலையின் ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து படகின் வடிவம் கொண்டால், அது இலைப்பேனின் வேலை. குருத்தையோ பூவையோ ஒரு வெள்ளைக் காகிதத்தின்மேல் தட்டிப் பார்த்தால், நூல் துணுக்கைப் போன்ற வெளிர்மஞ்சள் பூச்சிகள் ஊர்ந்து போவதைக் கண்ணாலேயே காணலாம். ஓரங்கள் கீழ்நோக்கி மடிந்து, கவிழ்த்த படகைப் போல இலை குறுகினால், அது மஞ்சள் சிலந்தியால் வந்தது. இதைப் பார்க்க உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். முன்னதற்கு வேப்பங்கொட்டைப் பருப்பு ஐம்பது கிராமை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையும்படி தெளிப்பது நல்ல பரிகாரம். பின்னதற்கு நனையும் கந்தகத் தூள் பயன்படும். ஆனால் கடும் வெயிலில் தெளித்தால் இலை கருகிவிடும். இவ்விரண்டிலும் சேராமல், இலைகள் சிறுத்து, நரம்பு தடித்து, செடியே குட்டையாகிப் போனால், அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய். அதற்கு மருந்து கிடையாது. மற்றச் செடிகளின் க்ஷேமத்தை உத்தேசித்து அதைப் பிடுங்கிவிடுவதே தர்மம்.

இவ்வளவு பாடுபட்டு நாம் அடையும் காரம் காயில் எங்கே இருக்கிறது? விதையில் என்றுதான் பெரும்பாலோர் நம்புகிறார்கள். காயை நீளவாக்கில் அரிந்து பார்த்தால், விதைகள் ஒட்டியிருக்கும் வெண்மையான மெல்லிய தசை தெரியும். கேப்சைசின் என்னும் காரப்பொருள் உற்பத்தியாவது அங்கேதான். நெருப்பின் சூட்டை உணர்கிற அதே நரம்பு வாயிலை இப்பொருளும் தட்டித் திறப்பதால்தான் நாக்கு எரிகிறது. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பறவைகளுக்கோ இந்த எரிச்சல் தெரிவதில்லை. காந்தாரி மிளகாய் வானத்தை நோக்கி நிமிர்ந்து சிவப்பதும், கொண்டைக்குருவி அதைக் கொத்தி விழுங்கி விதையை வேறெங்கோ சேர்ப்பதும் இயற்கை செய்துவைத்த ஏற்பாடு.

அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, போர்த்துக்கீசியரின் கப்பல்கள் வழியாக நம் கரைக்கு வந்த இப்பயிருக்கு, நம் முன்னோர் தாம் அறிந்த மிளகின் பெயரையே ஒட்டி மிளகாய் என்று பெயரிட்டார்கள். வந்த விருந்தாளி இந்த மண்ணுக்கே உரிமை பெற்றுவிட்டது. ராமநாதபுரத்துக் குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தச் சீமையின் வறண்ட நிலத்தை நினைத்தால், மிளகாய்க்கு நாம் ஊற்றும் தண்ணீரைச் சற்றுக் குறைக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

மார்கழி, தை மாதங்களில் வாரம் ஒருமுறை காய் பறிக்கலாம். விதைக்கென்று நோயில்லாத ஒரு செடியில் நன்றாகச் சிவந்த பழங்களை விட்டுவைக்க வேண்டும். பல ரகங்களை அருகருகே நட்டிருந்தால் தேனீக்கள் மகரந்தத்தைக் கலந்துவிடுமாதலால், அந்தச் செடியைத் தள்ளி நடுவது நலம். சித்திரை வெயிலில் பூக்கள் உதிரத் தொடங்குமுன், மாசி, பங்குனியிலேயே எஞ்சிய பச்சைக் காய்களைப் பறித்து மோர் மிளகாய் போட்டுவிடுவோம். காம்பைக் கிள்ளாமல், நுனிப்பக்கம் சிறிது கீறி, உப்பிட்ட புளித்த மோரில் இரவு ஊறவைத்து, பகலில் மொட்டைமாடியில் பாய் விரித்துக் காயவைத்து, மாலையில் மீண்டும் அதே மோரில் போட வேண்டும். நாலைந்து நாளில் மோர் முழுவதும் வற்றி, காய்கள் வெளிறி, கையில் எடுத்தால் சலசலக்கும். அவற்றை மிதமான சூட்டில் கருஞ்சிவப்பாக வறுத்துத் தயிர் சாதத்தோடு வைத்தபோது, மதிலுக்கு அப்பால் ஒரு கிண்ணம் முதலில் போய்ச் சேர்ந்தது.