ஆபிரகாம் கைப்பர்: ஒரு பள்ளிப் போராட்டமும் எதிர்பாராத வாரிசுகளும்

1988ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டின் ராட்டர்டாம், ஐந்தோவன் ஆகிய நகரங்களில் வாழ்ந்த முஸ்லிம் பெற்றோர் தம் பிள்ளைகளுக்கென இஸ்லாமியத் தொடக்கப் பள்ளிகளைத் தொடங்கினர். அவற்றின் ஆசிரியர்களுக்கு அரசே ஊதியம் வழங்கியது. ஏனைய பள்ளிகளுக்குக் கிடைக்கும் அதே அளவு நிதி இவற்றுக்கும் கிடைத்தது. இது ஆட்சியாளர் மனமிரங்கி அளித்த சலுகை அன்று. அந்நாட்டு அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு குடிமக்கள் அனைவருக்கும் உறுதி செய்துள்ள உரிமையாகும்.

இவ்வுரிமைக்காகப் போராடியோர் முஸ்லிம்கள் அல்லர். அப்போராட்டம் நடந்தபோது நெதர்லாந்தில் குறிப்பிடத்தக்க முஸ்லிம் சமூகமே இருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கால்வினியக் கிறித்தவர்களும் கத்தோலிக்கர்களும் அரை நூற்றாண்டுக்கு மேலாக நடத்திய போராட்டத்தின் விளைவே அது. அதற்குத் தலைமை தாங்கியவர்களுள் முதன்மையானவர் ஆபிரகாம் கைப்பர். மதகுரு, இறையியல் பேராசிரியர், இதழாசிரியர், கட்சித் தலைவர், நாட்டின் தலைமை அமைச்சர் எனப் பல நிலைகளில் விளங்கிய இவர், இஸ்லாத்தை நட்புக் கண்ணோடு நோக்கியவரல்லர். ஆயினும் அவருடைய உழைப்பின் பயனை இன்று முஸ்லிம் குழந்தைகளும் நுகர்கின்றனர். இம்முரண் ஆராயத்தக்கது.

இளமையும் மனமாற்றமும்

கைப்பர் 1837 அக்டோபர் 29ஆம் நாள் மாஸ்லைஸ் என்னும் சிற்றூரில் ஒரு மதகுருவின் மகனாகப் பிறந்தார். லைடன் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்று 1862இல் முனைவர் பட்டம் பெற்றார். அரபுக் கல்வியோடு தொடர்புடையோர்க்கு லைடன் புதிய பெயரன்று. 1613ஆம் ஆண்டிலேயே எர்பேனியுஸ் என்பாரை அரபு மொழிப் பேராசிரியராக அமர்த்திய கல்விக் கூடம் அது. கைப்பரின் மாணவப் பருவத்தில் அங்கு வேதத்தையும் சமய நம்பிக்கையையும் பகுத்தறிவுத் தராசில் நிறுத்துப் பார்க்கும் நவீன இறையியலே மேலோங்கியிருந்தது. அதன் தாக்கத்தோடுதான் அவர் பட்டம் பெற்று வெளியே வந்தார்.

1863இல் பேஸ்டு என்ற கிராமத்துத் தேவாலயத்தில் பொறுப்பேற்றார். அங்கிருந்த எளிய உழவர்களும் தொழிலாளரும் இப்பட்டதாரியின் போதனையை ஏற்கவில்லை. பழைய கால்வினியக் கோட்பாட்டில் ஊறியிருந்த அம்மக்களின் உறுதி, படித்தவரான தம்மையே சிந்திக்க வைத்தது என்பதைக் கைப்பர் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்துள்ளார். நூலறிவுடையோர் கைவிட்டதை நூலறிவற்றோர் காத்து நின்றனர் என்ற உணர்வு அவருடைய வாழ்வின் திருப்புமுனையாயிற்று. ஆட்சியிலும் பல்கலைக்கழகங்களிலும் இடமின்றிக் கிடந்த இம்மக்களைச் 'சின்ன மனிதர்கள்' என அவர் அழைத்தார். பின்னாளில் அவருடைய அரசியலுக்கு அடித்தளமாக அமைந்தவர்கள் இவர்களே.

பள்ளிப் போராட்டம்

நெதர்லாந்தின் 1848ஆம் ஆண்டு அரசமைப்பு, விரும்பியோர் பள்ளி தொடங்கலாம் என்ற உரிமையை வழங்கியது. ஆனால், அரசுப் பணம் பொதுப்பள்ளிகளுக்கே சென்றது. அப்பள்ளிகள் எச்சமயத்தையும் சாராதவை எனக் கூறப்பட்டன. தம் சமயச் சூழலில் பிள்ளைகளை வளர்க்க விரும்பிய ஏழைப் பெற்றோர் பொதுப்பள்ளிக்கு வரியும் செலுத்தி, தம் பள்ளிக்குக் கட்டணமும் செலுத்த வேண்டியிருந்தது. உரிமை ஏட்டில் இருந்தது. அதைப் பயன்படுத்தும் வசதி செல்வர்க்கே இருந்தது.

1878இல் காப்பெய்னே தலைமையிலான தாராளவாத அரசு புதிய கல்விச் சட்டமொன்றைக் கொண்டுவந்தது. கட்டடம், சுகாதாரம், ஆசிரியர் தகுதி ஆகியவற்றின் தரம் உயர்த்தப்பட்டது. இதற்கான கூடுதல் செலவில் பொதுப்பள்ளிகளுக்கு அரசு கை கொடுத்தது. சமயப் பள்ளிகளுக்கோ அதே தரத்தைச் சொந்தப் பணத்தில் எட்ட வேண்டிய கட்டாயம் நேர்ந்தது. தரம் உயர்வதை எவரும் குறை கூற இயலாது. எனினும் சுமையை ஒரு சாராரின் தோளில் மட்டும் ஏற்றிய அச்சட்டம், சமயப் பள்ளிகளை மூடச் செய்யும் மறைமுக வழியாகவே அம்மக்களுக்குத் தோன்றியது. சட்டத்தில் ஒப்பமிட வேண்டா என மன்னர் மூன்றாம் வில்லெமிடம் மூன்று லட்சத்திற்கும் மேற்பட்ட புராட்டஸ்டன்டுகள் கையெழுத்திட்டு விண்ணப்பித்தனர். கத்தோலிக்கரும் தனியே விண்ணப்பம் அளித்தனர். மன்னர் ஒப்பமிட்டுவிட்டார்.

தோல்வியில் முடிந்த அக்கையெழுத்து இயக்கமே நிலையான அமைப்பொன்றுக்கு வித்தாயிற்று. 1872 முதலே 'டி ஸ்டான்டார்ட்' என்ற நாளேட்டைக் கைப்பர் நடத்தி வந்தார். 1874இல் பாராளுமன்றத்துக்குத் தேர்வு பெற்று, உடல்நலமும் மனநலமும் குன்றியதால் சில ஆண்டுகளிலேயே விலகியிருந்தார். மீண்டு வந்த அவர், 1879இல் புரட்சி எதிர்ப்புக் கட்சியை நிறுவினார். இறைவனை ஒதுக்கிவிட்டு மனிதனையே அதிகாரத்தின் ஊற்றாகக் கொண்ட பிரெஞ்சுப் புரட்சியின் கோட்பாட்டை எதிர்ப்பதே அப்பெயரின் பொருள். வரையறுத்த கொள்கை அறிக்கையும் நாடு தழுவிய கிளைகளும் கொண்ட முதல் நவீன டச்சுக் கட்சி அதுவே.

1880இல் ஆம்ஸ்டர்டாமில் சுதந்திரப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார். அரசிடமிருந்தும் திருச்சபைத் தலைமையிடமிருந்தும் விடுபட்டு நிற்பது என்ற பொருளில் அப்பெயர் இடப்பட்டது. எளிய மக்களின் நன்கொடையே அதன் பொருள் வளம். அதன் தொடக்க விழாவில் கைப்பர் தம் அரசியல் தத்துவத்தின் மையக் கருத்தை வெளியிட்டார். குடும்பம், வழிபாட்டுச் சமூகம், கல்வி, தொழில் ஆகிய ஒவ்வொரு வட்டத்துக்கும் இறைவன் நேரடியாக வழங்கிய தன்னாட்சி உண்டு; அவ்வட்டங்கள் ஒன்றையொன்று நசுக்காமல் காப்பதே அரசின் கடமை; அவற்றை விழுங்க அரசுக்கு உரிமையில்லை என்பது அதன் சாரம். சுல்தான்களின் கருவூலத்தைச் சாராமல் வக்ஃபுச் சொத்துகளால் இயங்கிய மதரசாக்களின் வரலாற்றை அறிந்த நமக்கு, இச்சிந்தனை முற்றிலும் அந்நியமானதாகத் தோன்றாது.

கூட்டணியும் ஆட்சியும்

தம் மக்கள் மட்டும் போராடி வெல்ல இயலாது என்பதைக் கைப்பர் உணர்ந்திருந்தார். எனவே கத்தோலிக்கத் தலைவரும் பாதிரியாரும் கவிஞருமான ஸ்காப்மனோடு கைகோத்தார். கத்தோலிக்க ஸ்பெயினை எதிர்த்து எண்பது ஆண்டுகள் போரிட்டதையே தம் தேசத்தின் பிறப்பாகக் கருதிய கால்வினியர்களுக்கு இஃது எளிதில் செரிக்கும் செயலன்று. இருப்பினும் இக்கூட்டணியின் பயனாக அமைந்த மக்காய் அரசு, 1889இல் சமயப் பள்ளிகளுக்கு முதன்முறையாக ஓரளவு அரசு நிதியைப் பெற்றுத் தந்தது.

1901இல் கைப்பரே தலைமை அமைச்சரானார். சுதந்திரப் பல்கலைக்கழகத்தின் பட்டங்களுக்கு அரசு ஏற்பளிக்கும் மசோதாவை மேலவை நிராகரித்தபோது, அந்த அவையையே கலைத்துத் தேர்தல் நடத்தி, 1905இல் அதை நிறைவேற்றினார். மறுபுறம், 1903இல் இருப்புப்பாதைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அரசுப் பணியாளரும் இருப்புப்பாதைப் பணியாளரும் வேலைநிறுத்தம் செய்வதைக் குற்றமாக்கும் சட்டங்களைக் கொண்டுவந்தார். தொழிலாளர் அவற்றைக் 'கழுத்தை நெரிக்கும் சட்டங்கள்' என்றனர். 1891இல் ஏழைத் தொழிலாளரின் துயரத்தைப் பற்றி உருக்கமாகப் பேரவை உரை நிகழ்த்தியவரும் இவரே என்பதை இங்கு மறந்துவிடலாகாது. 1905ஆம் ஆண்டுத் தேர்தலில் அவருடைய அணி தோற்றது.

கடலுக்கு அப்பால் வேறொரு நீதி

கைப்பரை மதிப்பிடுவோர் கடந்து செல்லக் கூடாத பகுதி ஒன்றுண்டு. அவர் ஆண்ட நாட்டின் கொடியின் கீழ்க் கிழக்கிந்தியத் தீவுகளில், இன்றைய இந்தோனேசியாவில், பல கோடி முஸ்லிம்கள் வாழ்ந்தனர். குடியேற்ற நாடுகளைச் சுரண்டுதல் தவறு. அவற்றின் மக்கள்பால் தாய்நாட்டுக்கு அறக்கடமை உண்டு என்று கைப்பர் நெடுங்காலம் எழுதி வந்தார். 1901இல் அரசி வில்ஹெல்மினா பாராளுமன்றத்தில் வாசித்த உரையில் இக்கருத்து இடம்பெற்றது. 'அறநெறிக் கொள்கை' என வரலாற்றாசிரியர் குறிப்பிடுவது இதனையே. ஆனால் அதே உரை, நெதர்லாந்தைக் கிறித்தவ அரசு என அறிவித்து, அத்தீவுகளில் கிறித்தவ மதப் பணிகளுக்கு உறுதியான ஆதரவு அளிக்கப்படும் என்றும் கூறியது. உள்நாட்டில் எல்லாச் சமயத்தாருக்கும் சமநீதி கேட்டவரின் அரசு, கடலுக்கு அப்பால் ஒரு சமயத்தின் பக்கம் நின்றது.

இதைவிடக் கொடிய நிகழ்வுகளும் அவருடைய ஆட்சியில் நேர்ந்தன. 1873இல் தொடங்கிய ஆச்சேப் போர் அப்போதும் முற்றாக ஓயவில்லை. 1904இல் வான் டாலன் தலைமையில் காயோ, ஆலாஸ் மலைநாடுகளுக்குச் சென்ற படை, ஏறத்தாழ 2,900 பேரைக் கொன்றது. அவர்களுள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். பாராளுமன்றத்தில் கண்டனக் குரல் எழுந்தபோதும் படையெடுப்புக் கொள்கை கைவிடப்படவில்லை.

கைப்பர் பதவி இழந்த அதே 1905இல், குடியேற்ற அரசு ஜாவா, மதுரா தீவுகளில் 'குரு ஆணை' என்ற சட்டத்தைப் பிறப்பித்தது. இஸ்லாமிய மார்க்கக் கல்வி கற்பிக்க விரும்பும் ஆசிரியர், வட்டார ஆட்சித் தலைவரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும் என்பது அதன் விதி. முன் அனுமதிக்கு மாற்றாக அறிவிப்புக் கொடுத்தால் போதும் என்ற திருத்தம் 1925இல்தான் வந்தது. நெதர்லாந்தில் தந்தையொருவர் தம் மகனுக்குத் தம் சமயத்தைக் கற்பிக்கும் பள்ளியை நாடுவது இறைவன் தந்த உரிமை. ஜாவாவில் ஓர் ஆலிம் சிறுவர்களுக்கு வேதம் ஓதிக் கொடுப்பது அனுமதி பெற வேண்டிய செயல்! ஒரே கொடியின் கீழ் இரு நீதிகள் நிலவின.

பதவி இழந்த கைப்பர் 1905-06இல் மத்தியதரைக் கடலைச் சுற்றிப் பயணம் செய்தார். இஸ்தான்புல், பாலஸ்தீனம், எகிப்து, வட ஆப்பிரிக்கா எனப் பல முஸ்லிம் நிலங்களைக் கண்டு இரு தொகுதிகளில் பயண நூல் எழுதினார். அதில் இஸ்லாத்தை ஒரு புதிர் எனக் குறிப்பிட்டு அதற்கெனத் தனிப்பகுதி ஒதுக்கினார். அதற்கு முன்பே, 1898இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில், இஸ்லாம் இறைவனைப் படைப்பிலிருந்து தனிமைப்படுத்திவிடுகிறது என்று அவர் கூறியிருந்தார். இறைவனின் அண்மையைத் திருமறை எவ்வளவு வலியுறுத்துகிறது என்பதை அறிந்தோர் இக்கூற்றின் குறைபாட்டை எளிதில் உணர்வர். நேரில் கண்ட பின்னரும் அவருடைய அடிப்படை நோக்கு மாறவில்லை.

வெற்றியும் வாரிசுகளும்

கைப்பர் மீண்டும் தலைமை அமைச்சராகவில்லை. ஆனால் அவருடைய போராட்டம் வென்றது. 1917ஆம் ஆண்டு அரசமைப்புத் திருத்தம், பொதுப்பள்ளிகளுக்கும் சமயப் பள்ளிகளுக்கும் சம அளவில் அரசு நிதி வழங்க வழிவகுத்தது. அதே திருத்தம் ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை அளித்தது. 1920ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம் அதனை நடைமுறைப்படுத்தியது. அவ்வாண்டு நவம்பர் 8ஆம் நாள் திஹேக் நகரில் கைப்பர் காலமானார்.

1964இல் துருக்கியோடும் 1969இல் மொராக்கோவோடும் நெதர்லாந்து செய்துகொண்ட ஒப்பந்தங்களின் வழியாகத் தொழிலாளர் வந்தனர். அவர்களின் பிள்ளைகள் வளர்ந்தபோது பள்ளிக்கூடக் கேள்வி எழுந்தது. சட்டத்தைப் புரட்டிப் பார்த்தோர், அங்கு 'கால்வினியர்' என்ற சொல்லோ 'கிறித்தவர்' என்ற சொல்லோ இல்லை என்பதைக் கண்டனர். குடிமக்கள் என்றும், கல்வி என்றும், நிபந்தனைகளை நிறைவு செய்தால் சமநிதி என்றும் பொதுச் சொற்களே இருந்தன. அச்சொற்களின் பரப்பு, அவற்றுக்காகப் போராடியோரின் உள்ளத்தை விடவும் விரிந்ததாக இருந்தது.

இப்பள்ளிகளின் பயணம் எதிர்ப்பின்றி நடக்கவில்லை. 2001க்குப் பின் 23ஆம் பிரிவையே நீக்க வேண்டும், அல்லது சுருக்க வேண்டும் என்ற குரல்கள் உரத்து ஒலித்தன. கிறித்தவக் கட்சிகள் அதற்கு இணங்கவில்லை. அண்டை வீட்டாரின் பள்ளியை மூடப் பயன்படும் சாவி தம் பள்ளியின் பூட்டுக்கும் பொருந்தும் என்பதை அவை அறிந்திருந்தன.

உரிமையோடு பொறுப்பும் உண்டு என்பதை இச்சமூகம் கசப்பான பாடமாகவும் கற்றது. ராட்டர்டாமின் இப்னு கல்தூன் பள்ளியில் 2013இல் தேசியத் தேர்வு வினாத்தாள்கள் திருடப்பட்ட செய்தி நாட்டையே உலுக்கியது. கல்வித் தரமும் நிர்வாகமும் சீர்கெட்டிருந்ததால் அரசு நிதி நிறுத்தப்பட்டு, அவ்வாண்டே அப்பள்ளி மூடப்பட்டது. வரலாற்றுத் தத்துவத்தின் தந்தையெனப் போற்றப்படும் அறிஞரின் பெயரைத் தாங்கிய நிறுவனத்துக்கு இந்நிலை நேர்ந்தது வருத்தத்துக்குரியது. எனினும் ஏனைய இஸ்லாமியப் பள்ளிகள் தொடர்ந்து இயங்கின. தொடக்கப் பள்ளிகளின் எண்ணிக்கை 2020களில் ஐம்பதைக் கடந்தது.

கைப்பரின் வாழ்விலிருந்து நாம் பெறுவன இரண்டு. தம் சமூகத்துக்கான உரிமையைக் கேட்போர், அதை எல்லோருக்கும் பொருந்தும் சொற்களில் கேட்பாராயின், அவ்வுரிமை அவர்களையும் கடந்து வாழும். அதே உரிமையைத் தம் ஆட்சிக்குட்பட்ட பிறருக்கு மறுப்பாராயின், அவர்களுடைய புகழில் அது நீங்காத கறையாகத் தங்கிவிடும். வெறுப்புக்குரியோர் விடயத்திலும் நீதி வழுவலாகாது எனத் திருமறையின் மாஇதா அத்தியாயம் விதிக்கிறது. அவ்வளவுகோல் கைப்பருக்கு மட்டும் உரியதன்று. அதைக் கையில் ஏந்தியிருக்கும் நம்மையும் அளப்பதற்குரியது.