கொக்கைக் காட்டியவர் யார்?

"பறவையைப் படம் பிடிப்பது பணம் படைத்தோர் பொழுதுபோக்கு, உழைத்துப் பிழைக்கும் நமக்கு அதில் என்ன அக்கறை?" என்று தோழர்கள் கேட்கக்கூடும். அக்கறை இருக்கிறது. சொல்கிறோம், கேளுங்கள்.

இராஜஸ்தானத்துப் பரத்பூரில் கேவலாதேவ் என்றொரு சதுப்பு நிலம். இன்று அது தேசியப் பூங்கா. அன்று மன்னரின் வேட்டைக்காடு. 1938 நவம்பர் 12ல் வைசிராய் லின்லித்கோ பிரபு பரிவாரத்தோடு அங்கே வந்தார். ஒரே நாளில் சுட்டு வீழ்த்திய பறவைகள் 4,273! வெட்கித் தலைகுனிய வேண்டிய அந்தக் கணக்கைப் பெருமையோடு கல்லிலே பொறித்தார்கள். இன்றும் நிற்கிறது அந்தக் கல்.

மன்னர் போனார், துப்பாக்கி போயிற்று, காமிரா வந்தது. வரவேற்கிறோம். ஆனால், காமிரா பிடித்த கையெல்லாம் கருணைக் கை ஆகிவிடுமா?

சைபீரியக் கொக்கு 5,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து, குளிர்காலத்தைக் கழிக்க அங்கே வந்தது. பால்போன்ற வெள்ளை உடல், சிவந்த முகம். ஆழமில்லா நீரில் நின்று, சேற்றைக் கிளறிக் கோரைக்கிழங்கைத் தின்னும். இறக்கை நுனியின் கருமையோ, பறக்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். அந்தக் கருமையும் படத்தில் விழவேண்டுமா? பொறுமைசாலி, அது தானாகப் பறக்கும்வரை காத்திருப்பான். பேராசைக்காரன் கைதட்டுவான், கல்லெறிவான். களைத்துவந்த விருந்தாளியைப் பந்தியிலிருந்து எழுப்பி விரட்டுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இங்கேதான் நம் தொழிலாளி வருகிறார். அந்தப் பூங்காவில் சைக்கிள் ரிக்‌ஷா மிதித்தவர்கள், எந்தப் பறவை எங்கே மேயும், அதன் பெயர் என்ன என்பதையெல்லாம் பயிற்சியாலும் பழக்கத்தாலும் கற்றவர்கள். விரல் நீட்டிப் பறவையைக் காட்டுபவர் ரிக்‌ஷாக்காரர். பொத்தானை அமுக்குபவர் பயணி. படத்தின்கீழ் யார் பெயர்? பயணியின் பெயர்! பறவை மிரண்டு ஓடினால் பயணிக்கு ஒரு படம் போகும். பறவைகளே வராமற்போனால் ரிக்‌ஷாக்காரருக்குப் பிழைப்பே போகும். ஆகவே, "போதும், இங்கேயே நில்லுங்கள்" என்று அவர் சொன்னால், அது கூலிக்காரரின் குரலல்ல, காவல்காரரின் குரல்!

2002க்குப் பிறகு அந்தக் கொக்கு பரத்பூருக்கு வரவேயில்லை. காமிராமீது அந்தப் பழியை நாம் போடவில்லை. வரும் வழியெல்லாம் வேட்டை. வழிநெடுக நீர்நிலைகளின் அழிவு. இன்று படம் இருக்கிறது, கொக்கு இல்லை.

வேறு பல பறவைகள் இன்னும் வருகின்றன. படம் எடுக்கட்டும்; வேண்டாமென்று யார் சொன்னது? எட்ட நின்று எடுக்கட்டும். எடுத்தபின், காட்டிய கைக்குரியவர் பெயரையும் படத்தின்கீழ் எழுதட்டும்!