மீண்டெழுந்த கலம்

கீழை ஆப்பிரிக்காவில் தங்கனீக்கா என்னும் பேரேரி ஒன்று உண்டு. அது வடக்குத் தெற்காக ஏறத்தாழ 670 கிலோமீட்டர் நீண்டு கிடப்பது. ஏறக்குறைய 1,470 மீட்டர் ஆழமுடையது. தான்சானியா, காங்கோ, புருண்டி, சாம்பியா என்னும் நான்கு நாடுகள் அதன் கரையில் அமைந்துள்ளன. கரையோரம் மலைகள் செங்குத்தாக எழுந்து நிற்றலின், சிற்றூர்கள் பலவற்றிற்கு நல்ல சாலை அமையவில்லை. அவ்வூரார்க்கு நீரே வழி, கலமே வண்டி.

அவ்வழியிற் பல்லாண்டுகள் மக்களைச் சுமந்த கப்பல் ‘லீம்பா’ என்பது. அதன் வரலாறு வியப்புக்குரியது. செருமானியர் 1913ஆம் ஆண்டில் தம் நாட்டுப் பாப்பன்பர்க் நகரில் அதனைக் கட்டினர். கடலிலிருந்து கப்பல் செல்ல வழியில்லாத ஏரிக்கு அதனைக் கொண்டு செல்வது எங்ஙனம்? அவர்கள் அதனைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஏறத்தாழ 5,000 பெட்டிகளில் அடைத்துத் தாருசலாம் துறைக்கு அனுப்பினர். அங்கிருந்து நிலவழியே கிகோமா என்னும் ஏரிக்கரை ஊருக்குக் கொணர்ந்து மீண்டும் இணைத்தனர். 1915இல் அது நீரில் இறங்கியது. முதல் உலகப்போர் நிகழ்ந்த காலமாதலின், அது பீரங்கி தாங்கிய போர்க்கலமாயிற்று.

1916இல் பகைவர் படை நெருங்கியது. கப்பல் அவர் கையிற் சிக்காதவாறு அதனை மூழ்கடிக்க ஆணை பிறந்தது. பொறியாளர்கள் ஆணைக்குப் பணிந்தனர். ஆயினும், பின்னொரு நாள் மீட்கலாம் என்னும் நம்பிக்கையை அவர்கள் கைவிடவில்லை. இயந்திரங்களை நீர் அரிக்காதவாறு அவற்றின்மீது மசகினைத் தடிப்பாகப் பூசிய பின்னரே கலத்தை மூழ்கடித்தனர்.

மீட்கும் பேறு அவர்கட்கு வாய்க்கவில்லை. எட்டாண்டுகள் கழித்து, 1924இல் ஆங்கிலேயரே அதனை மேலே எடுத்தனர். இயந்திரங்கள் பெரிதும் கெடாதிருந்தன. 1927இல் லீம்பா என்னும் புதுப்பெயர் பூண்டு அது மக்கட் கலமாகப் புறப்பட்டது.

கிகோமாவுக்கும் சாம்பியாவின் முபுலுங்குத் துறைக்கும் இடையே அது சென்றுவந்த காலத்தில், வழியிலுள்ள ஊர்கள் பலவற்றில் துறைமேடை இல்லை. கப்பல் கரைக்கு அப்பால் நிற்கும். ஊதல் ஒலி கேட்டதும் சிறு படகுகள் விரைந்து வந்து அதனைச் சூழும். மூட்டையும் குழந்தையுமாக மக்கள் படகிலிருந்து கப்பலில் ஏறுவர். உலர்ந்த மீனும் அன்னாசியும் ஏற்றப்படும். 1997இல், போரினால் நாடு பெயர்ந்த காங்கோ மக்கள் பல்லாயிரவரை அக்கலம் தாயகம் சேர்த்தது.

போருக்குப் பயன்பட்ட கலம் புகலற்றோர்க்குத் துணையாயிற்று. மசகு பூசிய கைகள் அப்பயனை அறியா. எனினும், அழிக்க நேர்ந்த வேளையிலும் ஆக்கத்தை மறவாத அச்செயலின் பயனைப் பின்வந்தோர் துய்த்தனர் அன்றோ?