பையில் தூங்கும் போன்

எண்ணூர் காத்திவாக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். படுக்கையில் இருக்கும் நோயாளிகளை வீட்டிலேயே போய்ப் பார்த்து, பிரஷர், சுகர் அளவை மொபைல் ஆப்பில் ஏற்றுவது அவர் வேலை. இதற்கு ஆண்ட்ராய்டு நல்லதா, ஐபோன் நல்லதா என்று கேட்கிறார். காலையில் ஏற்றிய விவரம் சில நாள் சாயங்காலம் வரை போகாமல் நிற்கிறதே, ஏன் என்றும் கேட்கிறார். முதல் கேள்விக்கான விடை இரண்டாவதில் இருக்கிறது.

2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. வீடு தேடி வந்து பிரஷர் பார்த்து மாத்திரை தரும் பெண்களை அதிலிருந்து தமிழ்நாடே அறியும். இத்தகைய வேலைக்கான ஆப், சிக்னல் இல்லாத இடத்தில் விவரத்தைப் போனிலேயே எழுதி வைத்துக்கொண்டு பிறகு சர்வருக்கு அனுப்பும். அந்தப் 'பிறகு' எப்போது என்பது ஆப்பின் கையில் மட்டும் இல்லை. ஆப்பரேட்டிங் சிஸ்டம் விட வேண்டும்.

2015-இல் ஆண்ட்ராய்டு 6, 'டோஸ்' என்ற தூக்கத்தைக் கொண்டுவந்தது. சார்ஜரில் இல்லாத போன் திரை அணைந்து அசையாமல் கிடந்தால், ஆப்களுக்கு நெட்வொர்க்கை நிறுத்திவிடும். அடுத்த ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு 7-இல் அசையாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் தளர்ந்தது. எண்ணூர் பஸ்ஸில் பைக்குள் குலுங்கிக்கொண்டு வரும் போனும் லேசாகத் தூங்கும். இடையிடையே சிறிது நேரம் வழி திறக்கும். காத்திருந்ததெல்லாம் அப்போது போகும். எங்கள் தெருவில் மெட்ரோ வாட்டர் லாரி வரும்வரை குடங்கள் வரிசையில் நிற்பதைப் போலத்தான். போன் அசையாமல் கிடக்கக் கிடக்க, லாரி வரும் இடைவெளியும் நீளும். பேட்டரி அதிக நேரம் நிற்க வேண்டும் என்று சில கம்பெனிகள் இதற்கு மேலும் ஆப்களை மூடிவிடுகின்றன. அதை நான் அநியாயம் என்றே சொல்வேன்.

ஐபோன் இதில் இன்னும் கறார். பின்னணியில் எந்த ஆப் எப்போது ஓடலாம் என்பதை அதுவே முடிவு செய்யும். ஆப்பை மேலே தள்ளி மூடிவிட்டால், மறுபடி திறக்கும்வரை பின்னணிப் புதுப்பிப்பு நடக்காது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் போய், இந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாடு வேண்டாம் என்று நாமே சொல்லலாம். அதனால் களப்பணிக்கு என் ஓட்டு ஆண்ட்ராய்டுக்கே. விலையும் கட்டுப்படியாகும்.

விவரம் தாமதமாவது சின்ன விஷயமல்ல. 2023 டிசம்பரை எண்ணூர் மறந்திருக்காது. மிக்ஜாம் புயல், முகத்துவாரமெங்கும் எண்ணெய்க் கசிவு, 26-ஆம் தேதி நள்ளிரவு அமோனியா வாயுக் கசிவு. இப்படி ஒரு நாளில் யாருக்கு மூச்சுத்திணறல், யார் படுத்த படுக்கை என்ற விவரம் போனுக்குள் மாட்டிக்கொண்டு நிற்கக் கூடாது.

ஆனால் ஒன்றில் ஐபோன்தான் மேல். அதற்குப் பாதுகாப்பு அப்டேட் ஐந்தாறு ஆண்டுக்குக் குறையாமல் வருகிறது. மலிவான ஆண்ட்ராய்டு பலவற்றுக்கு இரண்டு மூன்று ஆண்டோடு நின்றுவிடும். அந்தப் போனில் ஒரு தெருவின் நோய்க் குறிப்பு முழுவதும் இருக்கும். அதனால் பணியாளரின் சொந்தப் போனையே நம்பி இந்த வேலையை நடத்துவது சரியல்ல. போன் வாங்கித் தருபவர்கள், எந்த ஆண்டு வரை அப்டேட் வரும் என்பதை டெண்டரிலேயே எழுதிக் கேட்க வேண்டும்.

வாசகிக்கு: கடைசி வீடு முடிந்ததும் ஆப்பைத் திறந்து, எல்லாம் போய்ச் சேரும்வரை திரையை அணைக்காதீர்கள். செட்டிங்ஸில் பாதுகாப்பு அப்டேட் தேதியையும் பாருங்கள். ஓராண்டுக்கு முந்தையது என்றால் வேறு போன் கேளுங்கள்.