வறுமையின் வேர்கள் – 9: டிராக்டர் கடன்

சென்ற வாரம் காங்கோவின் சுரங்கங்களில் நின்றோம். தெற்கே எல்லையைத் தாண்டினாலும் மண்ணுக்கடியில் அதே தாமிரம்தான்; நாட்டின் பெயர் ஜாம்பியா. 1964 அக்டோபரில் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றபோது அதன் ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்கு தாமிரத்திலிருந்து வந்தது. நாடு முழுக்கத் தேடினால் கறுப்பினப் பட்டதாரிகள் நூறு பேர் அளவில்தான் இருந்தார்கள். வெள்ளையர் ஆட்சிக்குத் தேவைப்பட்டவர்கள் சுரங்கக் கூலிகள், பட்டதாரிகள் அல்ல.

ஒற்றைப் பொருளை நம்பும் நாட்டுக்கு விலை அதன் கையில் இருப்பதில்லை. தாமிரத்தின் விலையை முடிவுசெய்வது லண்டன் உலோகச் சந்தை. 1974 ஏப்ரலில் உச்சத்தைத் தொட்ட விலை, அந்த ஆண்டு முடிவதற்குள் பாதிக்கும் கீழே போய்விட்டது. அதே சமயம் எண்ணெய் விலை எகிறியிருந்தது. விலை மறுபடி ஏறிவிடும் என்று அதிபர் கென்னத் கவுண்டாவின் அரசு கடன் வாங்கித் தள்ளியது. கவுண்டாவை மட்டும் குறை சொல்வார்கள். அதே கணக்கை நம்பிக் கடன் கொடுத்தவர்களை யாரும் கேட்பதில்லை.

அந்தக் கடன்களில் சின்னது ஒன்று. 1979இல் டிராக்டர்களும் விவசாயக் கருவிகளும் வாங்குவதற்காக ருமேனியா கொடுத்தது. ஜாம்பியாவால் கட்ட முடியவில்லை, வட்டி ஏறியது. பிறகு இரு நாடுகளும் இதைச் சொற்பத் தொகைக்குத் தீர்த்துக்கொள்ளப் பேசிக்கொண்டிருந்தபோது, பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் பதிவான டோனிகல் இண்டர்நேஷனல் என்ற நிறுவனம் உள்ளே புகுந்தது. 1999இல் சுமார் 33 லட்சம் டாலருக்குக் கடன் பத்திரம் கைமாறியது. இப்படிச் செத்த கடன்களைக் கொத்த வருபவற்றுக்குக் கழுகு நிதியங்கள் என்று பெயர்.

2005இல் உலக வங்கி, ஐ.எம்.எஃப். உள்ளிட்டோர் ஜாம்பியாவின் பெரும்பகுதிக் கடனைத் தள்ளுபடி செய்தனர். மறு ஆண்டே கிராமப்புறச் சுகாதார நிலையங்களில் நோயாளிகளிடம் வசூலித்த கட்டணத்தை அரசு ரத்துசெய்துவிட்டது. கழுகு காத்திருந்தது இந்தத் தள்ளுபடிக்குத்தான். டோனிகல் கேட்டது சுமார் 5.5 கோடி டாலர். லண்டன் உயர் நீதிமன்ற நீதிபதி அந்தத் தரப்புச் சாட்சிகளைக் கடுமையாகவே விமர்சித்தார். ஆனாலும் சட்டப்படி 2007இல் சுமார் 1.5 கோடி டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று. போட்ட முதலுக்கு நாலரை மடங்கு. அடுத்தவர்கள் மனமிரங்கி விட்டுக்கொடுத்த பணத்தில் அள்ளிய லாபம் இது.

இத்தகைய வழக்குகளுக்குக் கடிவாளம் போட்டு பிரிட்டன் சட்டம் இயற்றியது 2010இல். ஜாம்பியாவின் பணம் அதற்குள் போய்விட்டது.

சுரங்கங்களோ வேறு கதை. கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைப்படி 1997 முதல் 2000க்குள் அவை தனியாருக்கு விற்கப்பட்டன. விலை தரையில் கிடந்த காலம் அது. கொங்கோலா சுரங்கம் 2004இல் வேதாந்தாவிடம் போனது. தூத்துக்குடிக்காரர்களுக்கு அறிமுகமான அதே நிறுவனம். அந்தச் சுரங்கத்தை வெறும் 2.5 கோடி டாலருக்கு வாங்கியதாகவும், அது ஆண்டுதோறும் கோடிகளைக் கொட்டுவதாகவும் அதன் தலைவர் அனில் அகர்வால் பெங்களூரில் பேசிய வீடியோ 2014இல் வெளியாகி, ஜாம்பியாவில் கொதிப்பைக் கிளப்பியது. விற்ற சில ஆண்டுகளிலேயே தாமிர விலை பல மடங்கு ஏறியது. விலை விழுந்தபோது நஷ்டம் அரசுடையது. ஏறியபோது சுரங்கம் அரசின் கையில் இல்லை.

2020 நவம்பரில் ஜாம்பியா மறுபடியும் தவணை தவறியது. இந்த முறை கடன்காரர் வரிசையில் சீனாவும் இருந்தது. அந்தக் கணக்கை அடுத்த வாரம் பிரிப்போம்.